கம்பி வைத்த கோரைப்பல்

சீதாலெட்சுமியின் இடது கை கன்னையாவின் பிடரியைத் தாங்கியிருந்தது. வலது கையில் கெட்டி மாவுப் பாக்கெட். முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, பாக்கெட்டின் ஓரத்தை வலப்பக்கக் கோரைப்பல்லில் கவ்வி ஓர் இழுப்பு இழுத்தாள். மாவு கஞ்சியில் விழுந்தது. காலிப் பாக்கெட்டைத் தட்டில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள். பிடரியிலிருந்த கை நகரவே இல்லை.

கன்னையாவுக்கு எண்பத்தொரு வயது. பக்கவாதம் வந்த பிறகு தண்ணீர் குடித்தால்கூடப் புரையேறும். அதனால் வாய்க்குள் போகிற எதையும் அந்த மாவைக் கலந்து கூழாக்கித்தான் கொடுக்க வேண்டும். வேளைக்கு மூன்று பாக்கெட். கிள்ளானில் நாங்கள் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் அவரைப் போலப் பதினெட்டுப் பேர். பகலில் நாங்கள் மூன்று பேர்.

பல்லால் கிழிக்கும் பழக்கம் சோம்பலில் வந்ததில்லை. எட்டு வருடங்களுக்கு முன் நானும் அவளும் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடி அறையில் மூன்று மாதம் பராமரிப்புப் பயிற்சி எடுத்தோம். எனக்கு அறுபத்தொன்று, அவளுக்கு நாற்பத்தாறு. படுத்திருப்பவர் மேல் ஒரு கை எப்போதும் இருக்க வேண்டும் என்பது முதல் பாடம். தேர்வு நாளில் பஞ்சுப் பாக்கெட்டைப் பிரிக்க எல்லோரும் இரண்டு கையையும் எடுத்துவிட்டோம். சீதா எடுக்கவில்லை. பல்லால் கிழித்தாள். “கைக்கு முழு மார்க், வாய்க்கு முட்டை” என்றார் ஆசிரியை. அதில் முன்பாதியை மட்டும் அவள் வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

அந்தக் கோரைப்பல்லில் பாதி அவளுடையதே இல்லை. பக்கத்து ஊரான மேருவில் பிளாஸ்டிக் ஃபேக்டரிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து பல்லை உடைத்துக்கொண்டாள். நரம்பை எடுத்து, வேருக்குள் ஒரு கம்பியை இறக்கி, அதன் மேல் பல் நிறத்தில் ஓர் உறையை மாட்டி ஒட்டினார்கள். கடினமானதைக் கடிக்காதீர்கள் என்று பல் டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். ஆனால் அவள் கணவர் நாகையா கட்டுமான வேலையில் கம்பி கட்டுகிறவர். “தூணுக்கே கம்பிதான்டி பலம். இனி உன் வாயிலே அந்தப் பல்லுதான் ஸ்ட்ராங்” என்றார். டாக்டர் சொன்னது மறந்துபோயிற்று. நாகையா சொன்னது நின்றது. வலியும் கிடையாது. பன்னிரண்டு வருடம், கிழிக்க வேண்டியதையெல்லாம் அந்தப் பல்லிடமே கொடுத்தாள்.

மூன்று வாரமாக அது ஆடியது. பேசும்போதும் சும்மா இருக்கும்போதும் நாக்கு அங்கேயே போய்த் தள்ளிக்கொண்டிருக்கும். கன்னம் உள்ளுக்குள் அசைவதை நான் பார்த்தேன்.

“போய்க் காட்டேன்டி.”

“வலிக்கலையே அக்கா. நான் லீவு போட்டா கன்னையா அங்கிளுக்கு யார் ஊட்டுவா? உங்களுக்கு வாயைத் திறப்பாரா அவர்?”

திறக்க மாட்டார். அதனால் நானும் அதற்கு மேல் பேசவில்லை. அவள் பல்லால் கிழிப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டும் இருந்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அன்று மதியம் ஒன்றரை மணிக்கு மருந்து அலமாரியருகே வந்து நின்றாள்.

“அக்கா, பல்லைக் காணோம்.”

பல்செட் மாட்டியவர்கள் நிறைந்த எங்கள் இல்லத்தில் இது தினமும் கேட்கிற பேச்சு. “எந்த அங்கிள் பல்லு? தலைகாணி உறைக்குள்ளே பாரு.”

“என் பல்லு அக்கா.”

முகக்கவசத்தை இறக்கிக் காட்டினாள். கோரைப்பல் இருந்த இடத்தில் ஈறும் அதன் நடுவே ஒரு கறுப்புத் துளையும்தான் இருந்தன. உறையும் கம்பியும் சேர்ந்தே போயிருந்தன.

“எப்போ விழுந்துச்சு?”

“தெரியலையே. கஞ்சி ஊட்டி முடிச்சு, ஓட்டமா சோறு தின்னுட்டு, கோப்பி குடிச்சேன். அப்பத்தான் நாக்கு போய்…” நிறுத்தினாள். அவள் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் எனக்கும் உறைத்தது. மூன்று பாக்கெட்டையும் கிண்ணத்துக்கு மேலே வைத்துத்தான் கிழித்திருக்கிறாள். கிண்ணத்துக் கஞ்சி முழுவதும் கன்னையாவுக்குள் இருக்கிறது. தண்ணீருக்கே புரையேறும் மனிதர். ஆணி போன்ற ஒரு கம்பி நுரையீரலுக்குள் போனால் அவருக்கு இருமி வெளியே தள்ளத் தெம்பு கிடையாது.

ஓடினோம். கையுறை போட்டு, டார்ச் அடித்து, அவர் நாக்கின் கீழும் இரண்டு கன்னத்தின் உள்ளேயும் விரலால் துழாவினாள். இல்லை. விரிப்பை உதறினோம். குப்பைத் தொட்டியைத் தரையில் கவிழ்த்தோம். கழுவு தொட்டியின் வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தோம். பாக்கெட்டுகள் மூன்றும் கிடைத்தன, பல் கிடைக்கவில்லை.

கன்னையா எங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். மூச்சு நிமிடத்துக்குப் பதினெட்டு. உதடு நீலமாகவில்லை.

“நல்லாத்தானே மூச்சு விடுறார்” என்றாள் சீதா. “சாயந்திரம் வரைக்கும் பார்ப்போமா?”

அவருடைய மகன் யுகேந்திரன் எப்படிப்பட்டவன் என்று இருவருக்கும் தெரியும். சட்டையில் ஒரு பொத்தான் இல்லாததற்கு முதலாளிக்குப் போன் போட்டவன். அவன் ஒரு வார்த்தை சொன்னால் அவளுக்கு வேலை போய்விடும்.

அவள் உட்கார்ந்தாள், எழுந்தாள். அவர் மார்பில் காதை வைத்துக் கேட்டாள். மறுபடி எண்ணினாள், இருபது. திரும்ப எண்ணினாள், பதினெட்டு. நாக்கு காலி இடத்தில் போய்ப் போய் வந்தது. நான்கு நிமிடம்கூட ஆகியிருக்காது. தன் போனை எடுத்து அவளே அவனை அழைத்தாள்.

தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு சரக்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் அவன். போனில் இரைச்சல்.

“தம்பி, இல்லத்திலிருந்து சீதா பேசுறேன். என் பல்லு உறை கழண்டு விழுந்துடுச்சு. அப்பா கஞ்சியிலே விழுந்திருக்கலாம். எக்ஸ்ரே எடுக்கணும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம், நீங்களும் வாங்க.”

எனக்கே கேட்டது அவன் கத்தியது. “என்னலா விளையாடுறீங்க? உங்க பல்லை எங்கப்பாவுக்கு ஊட்டினீங்களா?”

“ஊட்டியிருக்கலாம் தம்பி. வாங்க.”

மற்றவர்களை மூன்றாமவளிடம் விட்டுவிட்டு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, அவசரப் பிரிவு வாசலில் எங்களுக்கு முன்பே அவன் வந்து நின்றான். வழி முழுக்கத் திட்டுவதற்குச் சேர்த்துவைத்திருந்தான் போல, எல்லாவற்றையும் அங்கேயே கொட்டினான். சீதா சக்கர நாற்காலியின் பிரேக்கை அழுத்தினாள். மறு கை கன்னையாவின் தோளில் இருந்தது.

ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். அவள் எழுந்து எழுந்து போய் எக்ஸ்ரே அறைக் கதவைப் பார்த்துவிட்டு வந்தாள். “உட்காருடி” என்றால் உட்காருவாள், உடனே எழுவாள்.

இளம் டாக்டர் வந்து படத்தைத் திரையில் காட்டினார். நெஞ்சு சுத்தம். வயிறும் சுத்தம். உலோகக் கம்பி என்றால் வெள்ளையாகத் தெரியும். எங்கேயும் வெள்ளையாக எதுவும் இல்லை.

யுகேந்திரன் பெருமூச்சு விட்டான். “அப்போ எங்கே போச்சு?”

டாக்டர் சீதாவைப் பார்த்தார். “ஆன்டி, நீங்க எக்ஸ்ரே எடுத்தீங்களா?”

அது எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. தரையைப் பார்த்தோம், குப்பையைப் பார்த்தோம், கன்னையாவின் வாய்க்குள் பார்த்தோம். அவளும் அதே நேரத்தில்தான் சோற்றை விழுங்கியிருக்கிறாள்.

அவளுக்கும் எடுத்த படத்தில் வயிற்றின் இடப்பக்கம் சின்ன ஆணி ஒன்று பளிச்சென்று கிடந்தது. நெஞ்சில் சிக்கவில்லை, தானாக வெளியே வந்துவிடும், இரண்டு மூன்று நாள் கழிவைக் கவனிக்கச் சொன்னார் டாக்டர். ஊரார் கழிவையெல்லாம் எட்டு வருடமாகக் கவனிக்கிறவளிடம் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

யுகேந்திரனுக்குச் சிரிப்பு முட்டியது, அடக்கிக்கொண்டான். “நாளைக்கும் நீங்களே ஊட்டுங்க. வேற ஆள்னா அப்பா வாயைத் திறக்க மாட்டார், அதுக்காகச் சொல்றேன். மன்னிச்சுட்டேன்னு நினைக்காதீங்க.”

“சரி தம்பி.”

கன்னையாவை இல்லத்தில் படுக்க வைத்துவிட்டு, ஆறு மணிக்கு அவளை நானே பல் டாக்டர் ஷபானாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். பல்லால் பாக்கெட் கிழிக்கிற பழக்கத்தை நானே சொன்னேன். டாக்டர் நெடுநேரம் பார்த்தார். மெல்லிய கருவியால் வேரைச் சுற்றித் தடவினார்.

“வேர் நீளவாக்கில் பிளந்திருக்கு. எடுக்கணும்.”

“உள்ளே கம்பி போட்டிருந்துச்சு டாக்டர். அது ஸ்ட்ராங்தானே?”

“எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க ஆன்டி. கம்பி பல்லைத் தாங்காது, மேலே வைக்கிற உறை நிக்கறதுக்குத்தான் அது. உங்க இல்லத்துலே கைத்தடி பார்த்திருப்பீங்க, நுனியிலே பூண் போட்டிருக்கும். மரத்தைச் சுத்திப் பிடிச்சாதான் பூண் நிக்கும், மரமும் பிளக்காது. உறையும் அப்படித்தான். ஈறுக்கு மேலே உங்க சொந்தப் பல்லு சுத்திவர ரெண்டு மில்லிமீட்டராவது இருக்கணும், அதைத்தான் அது பிடிச்சுக்கும். உங்களுக்கு அது கொஞ்சம்தான் இருந்துச்சு. அதைக் கொண்டுபோய்ப் பக்கவாட்டுலே இழுத்து இழுத்து, கம்பியே உள்ளேயிருந்து ஆப்பு மாதிரி பிளந்துடுச்சு.”

“வலிச்சிருந்தா வந்திருப்பேன்.”

“நரம்பை எடுத்தாச்சு. சுத்தியிருக்கிற ஈறு வீங்கினாத்தான் வலி வரும். அதுவும் எல்லாருக்கும் வராது.”

“எங்க வீட்டு மனுஷன் தூணுன்னு சொன்னார்” என்று சீதா முணுமுணுத்துவிட்டு வாயைத் திறந்தாள்.

வேர் இரண்டு துண்டாக வந்தது. நாகையாவிடம் காட்ட வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வந்தாள். வலது கன்னம் உப்பியிருந்தது. கழுத்தில் ஒரு நாடா, அதில் முனை மழுங்கிய சின்னக் கத்தரிக்கோல். கன்னையாவின் அறைக்குப் போகுமுன் சமையலறையில் நின்று, நாள் முழுவதற்குமான ஒன்பது பாக்கெட்டையும் வெட்டி, வேளைக்கொன்றாக மூன்று மூடிக் கிண்ணத்தில் கொட்டி, பெயர் ஒட்டி அடுக்கினாள். நான் எல்லாக் கட்டிலின் தலைமாட்டிலும் ஒரு கத்தரிக்கோலைக் கட்டித் தொங்கவிட்டேன். முந்தைய நாள் நடந்ததை ரிப்போர்ட் புத்தகத்தில், நான் பார்த்தும் பேசாமல் இருந்ததையும் சேர்த்து எழுதினேன்.

அவள் கட்டில் ஓரம் உட்கார்ந்து இடது கையைப் பிடரிக்குக் கீழே கொடுத்தாள். கன்னையா வாயைத் திறக்கவில்லை. முகக்கவசத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நல்ல கையை மெதுவாகத் தூக்கி அதைக் கீழே இழுத்தார். ஓட்டையைப் பார்த்தார்.

“பல்லு… எங்கே?”

“என் வயித்துலே இருக்கு அங்கிள். நாளைக்கோ நாளான்னைக்கோ வரும்” என்றாள். “இப்போ நீங்க வாயைத் திறங்க.”

திறந்தார்.