கட்டங்களாகிப்போன கோப்புகள்

மஞ்சூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தேன். தற்காலிக வேலை. குடியிருந்த குவார்ட்டர்ஸும் வேலையோடு ஒட்டியது. ஒன்று போனால் மற்றதும் போகும். தமிழில் முதுகலை படித்தவள் என்பதால் எல்லோரும் என்னைப் 'புலவரம்மா' என்றே அழைத்தனர். அது பாராட்டன்று.

ஒரு மழைக்காலத்தில், குன்னூரிலிருந்து வந்த கணினிக்காரர் புதிய ஆபீஸ் மென்பொருளை ஏற்றிவிட்டுப் போனார். மறுநாள் தமிழ்க் கோப்புகள் யாவும் வெறும் கட்டங்களாகத் திறந்தன. எச்சரிக்கைக் கடிதங்கள், விடுப்பு அறிவிப்புகள், வேலைநீக்க ஆணைகள் எல்லாம் பழைய எழுத்துருவில் நான் அடித்தவை. புதிய மென்பொருள் அதை ஏற்கவில்லை.

தொழிற்சாலைக் கணக்கர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க புலவரம்மா, இத்தனை கட்டம் இருக்குது, தாயக்கட்டை கொண்டாரட்டுங்களா?"

மேலாளர் சிரிக்கவில்லை. அவர் எவரிடமும் மரியாதை குறையப் பேசியதில்லை.

"எல்லாப் பைலையும் பழையபடி பண்ணிக் குடுங்க. அது முடிஞ்சதும் உங்களை நிரந்தரம் பண்றதப் பத்திப் பேசலாம்ங்க."

எழுத்து மாற்றும் செயலியில் இட்டபோது சொற்கள் திரும்பி வந்தன, ஊனத்தோடு வந்தன. கொம்புகள் இடம் மாறியிருந்தன, புள்ளிகள் உதிர்ந்திருந்தன. பூஞ்சை பிடித்த அச்சுப் பிரதிகளை ஹீட்டர் முன் உலர்த்தி, வரிவரியாக ஒப்பிட்டுத் திருத்தினேன். மின்சாரம் போகும்போதெல்லாம் கணக்கர், "தாயம் விழுந்துச்சுங்களா?" என்பார். மழை ஓயுமுன் வேலை முடிந்தது.

மேலாளர் சில கோப்புகளைத் திறந்து பார்த்தார்.

"சுத்தமா இருக்குதுங்க. எல்லாத்தையும் கோயமுத்தூர் ஆபீசுக்கு அனுப்பிருங்க. இனிக் கடுதாசியெல்லாம் அங்கயே அடிச்சுக்குவாங்க. ரொம்ப நாளாச் சொல்லிட்டிருக்காங்க. இந்தப் பழைய பைலுக மட்டும்தான் தடையா இருந்துச்சு."

"அப்ப என் வேலைங்க சார்?"

"அதைத்தானுங்க பேசணும். வேலையை விட்டு நிறுத்தற கடுதாசி ஒண்ணு சரிபண்ணுனீங்கல்ல? அதுல உங்க பேரைப் போட்டு எடுத்துட்டு வாங்க. குவார்ட்டர்ஸ் ஊட்டை மாசக் கடைசியில காலி பண்ணுனாப் போதும். அவசரமில்லீங்க."

வெளியே கணக்கர் எதுவும் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துக்கொண்டு எனக்கு வழிவிட்டார். தாயக்கட்டைப் பேச்சே அதைவிடத் தேவலை.

கோப்பைத் திறந்தேன். அதில் கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தியின் பெயர் இருந்தது. சில நாள்களுக்கு முன் அந்தப் பெயரின் சிதைவை நீக்கி, நன்றாக வந்துவிட்டதென்று மகிழ்ந்திருந்தேன். அதை அழித்துவிட்டு என் பெயரை அடித்தேன். வழக்கம்போல் முழுவதும் ஒருமுறை படித்தேன். திருத்துவதற்கு ஒன்றுமில்லை.

மேலாளரின் கதவருகே போய் நின்றேன்.

"எத்தனை காப்பிங்க சார்?"

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ரெண்டுங்க. ஒண்ணு உங்களுக்கு."