பனைமரத்தடி டப்பா

காரணமில்லாமல் நடப்பது எனக்கு வராது. சர்க்கரை ஏறியிருக்கிறது, தினமும் நடங்கள் என்று டாக்டர் சொன்னபோது தலையாட்டிவிட்டு வந்தேன். ஏரிக்கரையில் செக்குமாடு மாதிரி எதற்குப் போய்வர வேண்டும்? எதையாவது தேடிப் போகச் சொன்னால் செங்கல்பட்டு வரைக்கும்கூட நடப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் போனில் ஜியோகேச்சிங் பற்றிப் படித்தேன். யாரோ ஒருவர் ஒரு டப்பாவை ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போடுவார். நாம் போனில் வரும் அம்புக்குறியைப் பார்த்துப் போய்த் தேட வேண்டும். கிடைத்தால் உள்ளே இருக்கும் தாளில் பேர் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே டப்பாவை வைத்துவிட வேண்டும். முதல் பேராக எழுதுவது பெரிய பெருமை. உள்ளே சின்னச் சாமான்கள் இருக்கும்; ஒன்றை எடுத்தால் பதிலுக்கு ஒன்றை வைக்க வேண்டும். தின்பண்டம் மட்டும் கூடாது, எறும்பு வந்துவிடும்.

"கண்டுபுடிச்சா காசு குடுப்பானா?" என்றார் என் கணவர்.

"இல்ல."

"அப்ப இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?"

வரைபடத்தில் எங்கள் உத்திரமேரூர் பக்கம் ஒன்றுமே இல்லை. செங்கல்பட்டுப் பக்கம் ஒன்று தெரிந்தது. பஸ் ஏறிப் போனேன். போனையே முறைத்துக்கொண்டு வெயிலில் சுற்றினேன். அம்புக்குறி ஒருமுறை மதகைக் காட்டியது, ஒருமுறை முள்வேலியைக் காட்டியது. வெறுங்கையோடு திரும்பியபோது எனக்கு அழுகையே வந்தது.

விடுவேனா? அடுத்த ஞாயிறும் போனேன். இடம் நெருங்கியதும் போனைப் பைக்குள் போட்டுவிட்டேன். அது பக்கத்தில் கொண்டுவந்து விடும், அவ்வளவுதான். மிச்சத்தைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். நானாக இருந்தால் எங்கே ஒளிப்பேன் என்று யோசித்தேன். மதகுச் சுவரில் ஒரு கல் மட்டும் அளவுக்கு மீறி ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. அதை நகர்த்தினால், பின்னால் ஒரு மாத்திரை டப்பா! தாளில் என் பேரை அழுத்தி எழுதினேன்.

அதற்கப்புறம் எங்கள் ஊர் வெறுமையாக இருப்பதைப் பார்க்கவே எனக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு பெரிய ஏரி இருக்கிறது, ஒரு டப்பாவுக்கு இடமில்லையா? நானே வைக்கிறேன் என்றேன். "நீ புடிச்ச மொயலுக்கு மூணு காலு" என்று கணவர் எழுந்து போய்விட்டார்.

இறுக்கமாக மூடும் டப்பா ஒன்றில் தாளும் பென்சிலும் போட்டேன். மாற்றிக்கொள்ள ஒரு பித்தளைச் சாவி, கொஞ்சம் கண்ணாடி மணி, ஒரு சின்ன மரப்பாச்சி. மண் படாமலிருக்கட்டும் என்று சிவப்பு ரவிக்கைத் துணியில் சுற்றி, ஏரிக்கரைக்குக் கீழே இருக்கும் பனைமரத்தடியில் கற்களுக்கு நடுவே செருகினேன். இடத்தின் எண்களை இணையத்தில் போட்டேன். அந்தத் தளத்தின் தன்னார்வலர் சரிபார்த்து ஒப்புதல் கொடுத்ததும் எங்கள் ஊர் வரைபடத்தில் ஏறியது. செங்கல்பட்டிலிருந்து ஒரு தம்பதி ஞாயிற்றுக்கிழமை வருவதாக எழுதியிருந்தார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

எதற்கும் பார்த்துவிடலாமென்று சனிக்கிழமை காலை போனேன். பனைமரத்தடியில் நாலைந்து பேர் நின்றார்கள். நடுவே பனையை ஒட்டிய நிலத்துக்கார அம்மா, கையில் மண்ணெண்ணெய்ப் பாட்டில். கீழே சிவப்புத் துணி, மணி, மரப்பாச்சி எல்லாம் குச்சியால் கிளறப்பட்டுக் கிடந்தன.

"போன வாரந்தான் என் மோட்டாரு எரிஞ்சி பூட்ச்சி. எவளோ செய்வினை வெச்சிகிறாம்மா, பாரு, பொம்ம கீது!" என்றார் என்னிடம்.

அப்போதுதான் என் கண்ணுக்கும் அது அப்படித் தெரிந்தது. பேசாமல் நடையைக் கட்டியிருக்கலாம். கட்டினால் நாளை வருகிறவர்களுக்குச் சாம்பல்தான் கிடைக்கும். எங்கள் ஊர் மறுபடி வெறுமையாகிவிடும்.

"கொளுத்தாதீங்க. அது என்னுது" என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். போனைக் காட்டி முதலிலிருந்து சொன்னேன்.

"நீயே ஒளிச்சி வெப்ப, எவனோ வந்து தேடுவான். யாரு காதுல பூ சுத்தற?" என்ற அந்த அம்மா போனைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார். "கற்பூரத்த அணைச்சி சத்தியம் பண்றியா?"

"கொண்டாங்க."

மோட்டார் கொட்டகையிலிருந்த சாமி படத்தடியிலிருந்து கற்பூரம் வந்தது. கல்லின்மேல் ஏற்றினார்கள். "உங்க நெலத்துக்கோ வூட்டுக்கோ கெடுதல் நெனச்சி இத வெக்கல" என்று சொல்லி உள்ளங்கையால் அணைத்தேன். சுட்டது. சுட்ட வேகத்தில் எனக்குக் கோபமும் வந்தது.

"இப்ப நீங்க இந்தத் தாள்ல பேரு எழுதுங்க. கண்டுபுடிச்சவங்க எழுதணும், அதான் சட்டம்."

அவர் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, தாளின் முதல் வரியில் நிதானமாக எழுதினார். துணியையும் மரப்பாச்சியையும் மட்டும் எரித்தே தீருவேன் என்றார். எரித்தார்.

"டப்பா அங்கியே இருக்கட்டும். ஆனா யாரு நெலத்தாண்ட வெக்கறியோ, அவங்கள மொதல்ல கேளு" என்றார். ஆட்டத்தின் விதிகளிலும் அது இருந்தது. நான்தான் படிக்காமல் தாண்டியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தம்பதி வந்தார்கள். நான் கரைமேல் வாக்கிங் போகிறவள் மாதிரி நின்றேன். அந்த அம்மா பனைக்குப் பக்கத்தில் களை கொத்திக்கொண்டிருந்தார்.

"இங்க டப்பா எதுனா பார்த்தீங்களாம்மா?"

"எனக்கு இன்னா தெரியும்? தேடுங்க, கெடைக்கும்" என்று தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

நெடுநேரம் தேடி எடுத்தார்கள். தாளைப் பிரித்ததும் அந்தப் பெண்ணின் முகம் வாடியது. "சே, நமக்கு முன்னாடியே யாரோ வந்துட்டாங்க."

அதுவரை வாயைக் கட்டிக்கொண்டிருந்தவர் களைக்கொத்தைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"அது நாந்தான்" என்றார்.