கருப்பில்லாத கட்டம்

வடிவாம்பாளுக்கு ஒரு குணம். நெய்கிறவர்களை யாராவது மட்டமாகப் பேசினால் சுருக்கென்று கோபம் வந்துவிடும். எந்தத் தேசத்து நெசவாளியானாலும் சரி.

பெரிய காஞ்சிபுரத்தில் புருஷன் உமாபதியோடு தறி நெய்தவள். தலைப்பிரசவத்தில் பிள்ளை குறுக்கே நின்று எல்லோரும் கைவிட்டபோது, தாயையும் பிள்ளையையும் மீட்டுக் கொடுத்தவர் மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ் இசபெல், ஸ்காட்லாந்துக்காரர். அதற்கப்புறம் ஓய்வு கிடைத்தால் போதும், வடிவாம்பாள் வீட்டுக்கு வந்து தன் ஊர்ச் சரித்திரத்தை அவிழ்த்துவிடுவார்.

"அந்தக் காலத்துல எங்க ராஜாங்க முடிசூட்டிக்கிற கல்லையே இங்கிலாந்து ராஜா தூக்கினு போயிட்டார்" என்பார். காஞ்சிபுரத்துத் தமிழ்தான் அவருக்கும் வாய்த்திருந்தது.

"கல்லு போனா நாடும் கூடவே போயிடுமா?" என்று வடிவாம்பாள் சிரிப்பாள்.

ஆனால் பல நூறு வருஷம் கழித்து இசபெலின் ஊர்க்காரர்கள் ஒரு போரில் தோற்றபின், ஆண்கள் தங்கள் மலைநாட்டுக் கட்டம் போட்ட துணியை உடுத்தினால் ஜெயில் என்று சட்டம் வந்த கதையைக் கேட்டபோது அவள் சிரிக்கவில்லை. "துணி இன்னா பாவம் பண்ணுச்சு?" என்று ராட்டையை நிறுத்திவிட்டாள்.

1971இல் இசபெல் ஓய்வு பெற்று ஊர் திரும்ப வேண்டியிருந்தது. அங்கே அவருக்கென்று ஒருவரும் மிச்சமில்லை. கட்டம் போட்ட, நைந்துபோன குடும்பச் சால்வை ஒன்றுதான் இருந்தது. கட்டத்தைப் பார்த்தே இன்னார் வீட்டு ஆள் என்று தன் ஊரில் சொல்லிவிடுவார்கள் என்றார். ஓரம் தைத்துத் தருகிறேன் என்று அதை வாங்கி வந்த வடிவாம்பாள், ரகசியமாக அதே கட்டத்தைப் பட்டில் நெய்ய உட்கார்ந்தாள். பச்சை, நீலம், சரி. நடுவில் கருப்பு. பயணம் போகிறவருக்கு எந்த மகராசி கருப்பு நெய்து கொடுப்பாள்? அந்த இடத்தில் அரக்குச் சிவப்பைப் போட்டு நெய்தாள்.

தறியிலிருந்து அறுத்தபின்தான் உமாபதி கேட்டான். "இன்னா வடிவு, நிறம் மாறினா வேற யாரோ வீட்டுத் துணி ஆயிடுமே. அந்தம்மா மனசு நோவாதா?"

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மறுபடி நெய்ய அவகாசமில்லை. விடிந்தால் பயணம்.

காலையில் பழைய சால்வையோடு புதியதையும் கொண்டுபோய்க் கொடுத்தாள். இசபெல் புதியதை விரித்துப் பார்த்தார். கருப்பு இருக்க வேண்டிய இடத்தில் அவர் விரல் நின்றது.

"தப்புதாம்மா. கிளம்புற நேரத்துல உங்களுக்குக் கருப்பு குடுக்க மனசு வரல" என்று வடிவாம்பாள் அழுதுவிட்டாள்.

இசபெல் அவள் தோளைத் தொட்டார். "இது எந்த வீட்டுக் கட்டம்னு ஊர்ல கேப்பாங்களே வடிவு. நான் இன்னா சொல்றது?"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள் வடிவாம்பாள்.

"எங்க வீட்டுதுன்னு சொல்லுங்கம்மா."

சித்திரை வெயிலில், அதைப் போர்த்திக்கொண்டே இசபெல் பஸ் ஏறினார்.