பூசணிப் பந்தலில் என் காவல்

எட்டு வயதில் எனக்கு ஓர் உத்தியோகம் கிடைத்தது. தேனீக்களை விரட்டுவது.

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் கீழ்வீட்டில் நாங்கள், மேல்வீட்டில் அப்பாவின் அக்காவான அத்தையும் மாமாவும். மொட்டை மாடியில் பெயின்ட் டப்பாக்களிலும் உடைந்த வாளிகளிலும் அத்தை செம்பருத்தி, சாமந்தி, நந்தியாவட்டை எல்லாம் வைத்திருந்தாள். அத்தனையும் சாமிக்கு. தேனீ வாய் வைத்த பூ எச்சில், அதைச் சாமிக்கு வைக்கக் கூடாது என்பது அவள் கட்சி. தேனீக்களோ அவள் குளித்துவிட்டு வரும்வரை காத்திருப்பதில்லை. அதனால் விடிந்ததும் என் கையில் ஒரு துண்டைக் கொடுத்து மேலே அனுப்பிவிடுவாள். பூஜை முடிந்ததும் எனக்குக் கற்கண்டு உண்டு.

அதே மாடியில்தான் மாமாவின் வெள்ளைப் பூசணிக் கொடியும் பந்தலேறியிருந்தது. மாமா எலெக்ட்ரானிக் சிட்டி கம்பெனி ஒன்றுக்கு ராத்திரி ஷிப்டில் கார் ஓட்டினார். அந்த வருஷம்தான் சொந்தக் கார் வாங்கியிருந்தார். ஆயுத பூஜைக்கு நம் கொடியில் காய்த்த பூசணிக்காயைத்தான் காருக்குச் சுற்றி உடைப்பேன் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். உடைத்த கையோடு மேம்பாலத்தில் முதல் சவாரி. முன் சீட்டில் நான். இதைப் பள்ளிக்கூடத்தில் ஒருத்தி விடாமல் நானும் சொல்லியாகிவிட்டது.

செய்யும் வேலையில் கொஞ்சம் அதிகமாகவே செய்கிற சுபாவம் எனக்கு அன்றே இருந்தது. தேனீக்கள் முதலில் வந்து இறங்குவது பெரிய மஞ்சள் பூசணிப் பூக்களில்தான் என்று கண்டுபிடித்தேன். அங்கேயே தடுத்துவிட்டால் சாமந்திப் பக்கம் எப்படி வரும்? பழைய கொசுவலையைத் தேடியெடுத்துக் கொடி முழுக்கப் போர்த்தினேன். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எடுத்துவிடுவேன். மாமா காலையில் வந்து படுத்தால் சாயங்காலம்தான் எழுந்து தண்ணீர் ஊற்ற வருவார். அதனால் வலை அவர் கண்ணில் படவே இல்லை.

பூவுக்கு அடியில் கோலிக்குண்டு அளவுக்குப் பிஞ்சு தெரியும். இரண்டே நாளில் மஞ்சளாகி உதிர்ந்துவிடும். மாமா சாணம் போட்டார், புளித்த மோர் ஊற்றினார். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று பந்தலில் பழைய செருப்பைக்கூடக் கட்டினார். ஒன்றும் பலிக்கவில்லை.

பூஜைக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவருக்கு ஒருநாள் லீவு கிடைத்தது. காலையிலேயே மாடிக்கு வந்தவர், வலையையும் துண்டோடு நிற்கும் என்னையும் பார்த்தார். இரண்டு மாசமாக ஒரு தேனீயைக்கூட உள்ளே விடவில்லை என்று நான் பெருமையாகச் சொன்னேன். மாமா வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

“தேனீ வந்து உக்காந்தாதான் பாப்பா காய் பிடிக்கும். இது யார் குடுத்த ஐடியா?”

பூக்கூடையோடு நின்ற அத்தை துளசிச் செடியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் செய்தேன் என்றேன். வலை என் யோசனைதான், அதில் பொய்யில்லை. துண்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. மாமா திட்டவில்லை. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்று மட்டும் சொன்னார். முன் சீட்டு போயிற்று என்று எனக்குப் புரிந்தது. அன்று முழுக்க அழுதேன்.

பூஜைக்கு முந்தின நாள் அத்தை ரவிக்கைத் துணி எடுக்கப் போவதாகச் சொல்லி சிவாஜிநகருக்கு பஸ் ஏறினாள். இருட்டும் நேரத்தில்தான் திரும்பினாள். கையில் இருந்த கோணிப்பையை என்னைத் தொடவே விடவில்லை.

மறுநாள் காலை மாடிக்குப் போனால், பந்தலில் என் தலையைப் போல இரண்டு மடங்கு பெரிய பூசணிக்காய் தொங்குகிறது! விழாமல் இருக்கப் புடவைக் கிழிசலால் கட்டியிருந்தது. நான் போட்ட சத்தத்தில், அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்த மாமா ஓடிவந்தார். காயைத் தட்டினார், காம்பைத் திருப்பிப் பார்த்தார், பிறகு அத்தையைப் பார்த்தார். அவள் சந்தனத்தை மும்முரமாகக் குழைத்துக்கொண்டிருந்தாள்.

“பரவால்லியே, தேனீங்களுக்கும் நைட் ஷிப்ட் போட்டுட்டாங்க போல” என்றார்.

காய் தெருவில் உடைந்தது. நான் முன் சீட்டில் உட்கார்ந்து மேம்பாலத்தில் போனேன். கீழே மொட்டை மாடிகள் ஓடி மறைந்தன; எனக்கு அன்று பெங்களூரே சொந்தம்.

திரும்பி வந்ததும் அத்தை தைலப் புட்டியை நீட்டி, வலது தோளில் தேய்த்துவிடச் சொன்னாள். எப்படி வலி வந்தது என்று கேட்டேன். படுத்த வாட்டம் சரியில்லை என்றாள். தேய்த்துக்கொண்டே, ஒரே ராத்திரியில் அவ்வளவு பெரிய காயைப் பிடிக்க வைத்த தேனீக்களைப் பற்றி மூச்சுவிடாமல் பேசினேன். இனிமேல் அதுங்களை விரட்ட வேண்டாம் என்றாள் அத்தை.

“பாவம், எம்மாம் கஷ்டப்பட்டுதோ” என்றாள்.

எனக்கும் ரொம்பப் பாவமாகத்தான் இருந்தது, தேனீக்களை நினைத்து.