ஆளே இல்லாத குரல் என்றார்கள்

எனக்குக் கோபம் வரும் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். ஆனால் அந்த மழைக்காலத்தில் வந்த கோபம் வேறு ரகம். முகம் பார்த்திராத, குரல் கேட்டிராத, எந்த ஊர் என்றுகூடத் தெரியாத ஒரு மனிதர்மேல் வந்தது. "இந்த பேக்கேஜை யாரும் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை. அடுத்த பதிப்பிலிருந்து நீக்கிவிடலாம்" என்று மெயிலில் இரண்டே வரி எழுதியிருந்தார். அவர் நீக்கச் சொன்னது கம்ப்யூட்டரின் தமிழ்க் குரலை. அந்தக் குரலை நம்பித்தான் என் அக்கா வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்காவுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பேகம்பூரில் எங்கள் அத்தா ஆரம்பித்து இப்போது அண்ணன் நடத்தும் பிரியாணிக் கடையில், கல்யாண ஆர்டர் பிடிப்பது அவள் பொறுப்பு. காதில் போன், விரல்கள் கீபோர்டில். அவள் தட்டுவதைக் கம்ப்யூட்டர் தமிழில் வாசித்துக் காட்டும். எந்த மண்டபம், எத்தனை பேர், தாளிச்சா உண்டா, என்றைக்கு, எல்லாவற்றையும் ஒரு காதால் கேட்டு, மறு காதால் சரிபார்த்து, வாடிக்கையாளரிடம் கிண்டலும் பேசுவாள். கடையில் அவளுக்கென்று இருந்தது அந்த மேசையும் நாற்காலியும்தான்.

அந்தக் கம்ப்யூட்டரில் ஓடுவது இலவசமான, யார் வேண்டுமானாலும் திறந்து திருத்தக்கூடிய ஓர் இயங்குதளம். உலகமெங்கும் இருக்கும் ஒரு குழு அதைப் பார்த்துக்கொள்கிறது. மெயில் எழுதியவர் அந்தக் குழுவில் ஒருவர். அதில் ஏற்றிக்கொள்ளும் புரோகிராம்களை எழுதுபவர்கள் வேறு ஆட்கள். எழுதிவிட்டு அவர்கள் பாட்டுக்குப் போய்விடுவார்கள். அதைப் பொட்டலமாகக் கட்டி, இந்தத் தளத்தில் ஒழுங்காக ஏறுகிற மாதிரியும், மற்றவற்றோடு முட்டிக்கொள்ளாத மாதிரியும் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். தமிழ்க் குரல் பேக்கேஜுக்கு அந்த ஆள் நான். கல்லூரி ஆய்வகத்தில் வேலை முடித்து வந்து செய்வேன். அத்தாவுக்கு ஒருமுறை விளக்கினேன்: பிரியாணி ஆக்கியது யாரோ, தேக்சாவை வண்டியில் ஏற்றிச் சிந்தாமல் மண்டபத்தில் இறக்குவது என் வேலை என்று.

"அது சரிம்மா, வண்டி வாடகை யாரு குடுப்பா?" என்றார் அத்தா.

யாரும் கொடுப்பதில்லை. கொடுக்காததில் எனக்கு வருத்தமும் இல்லை. ஓசி வேலை செய்கிறவளை ஒரு வார்த்தை கேட்காமல் வேலையைத் தூக்கிக் குப்பையில் போடுகிறேன் என்றால்தான் பற்றிக்கொண்டு வரும்.

அவர்கள் சொன்ன காரணத்தில் பாதி நியாயம் இருந்தது. குரலை எழுதியவர் எப்போதோ கைகழுவிவிட்டார். அது சார்ந்திருந்த பழைய நிரல் ஒன்றைத் தளத்திலிருந்து எடுக்கப்போகிறார்கள். நான் மாற்றி எழுதித் தருகிறேன், கொஞ்சம் பொறுங்கள் என்றேன். பொறுக்கவில்லை. புதுப் பதிப்பின் சோதனை வெளியீட்டிலேயே எடுத்துவிட்டார்கள். எங்கள் நேரம், அதே சமயத்தில் கடைக் கம்ப்யூட்டர் புகைந்துபோய் அண்ணன் புதிது வாங்கினான். அதில் பழைய பதிப்பு ஏறவில்லை, அந்தச் சோதனை வெளியீடுதான் ஏறியது.

நானே தனியாகக் குரலை ஏற்றிக் கொடுத்தேன். பேசியது. அக்காவும் சந்தோஷமாக உட்கார்ந்தாள். ஆனால் தளத்துக்கு உள்ளே இருக்கும் பேக்கேஜை ஒவ்வொரு மாற்றத்தின்போதும் சேர்த்துச் சோதிப்பார்கள். வெளியிலிருந்து ஒட்டவைத்ததை யார் சோதிப்பார்கள்? ஒரு நாள் காலையில் தானாக ஓர் அப்டேட் இறங்கியது. வடமதுரையிலிருந்து ஒருவர் வலிமா விருந்துக்கு ஆர்டர் சொல்லிக்கொண்டிருக்கும்போது குரல் நின்றுவிட்டது. லைனில் இருப்பவரிடம் செத்த நேரம் பொறுங்கள் என்று சொல்ல அக்காவுக்குக் கூச்சம். விரல் பழக்கத்தில் தட்டி முடித்துவிட்டாள். தேதி தப்பான கட்டத்தில் விழுந்தது. விருந்து நாளன்று மண்டபத்திலிருந்து போன் வருகிறது, சாப்பாடு எங்கே என்று. இங்கே அடுப்பே மூட்டவில்லை.

அண்ணன் அன்றைக்குப் பட்ட பாட்டை நான் மறுக்கவில்லை. வேறு கடைகளில் கெஞ்சிக் கூத்தாடிச் சாப்பாடு வாங்கிக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, வாங்கின வசவோடு திரும்பி வந்தான். மறுநாள் மதினியின் தம்பி அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முப்பது வயது ஆள், வேலை தேடிக்கொண்டிருந்தவர்.

"நான் அவளக் குத்தம் சொல்லலம்மா" என்றான் அண்ணன் என்னிடம். "இம்புட்டு வருசம் பாத்துட்டா. இனிமே வீட்ல ரெஸ்ட் எடுக்கட்டுமே."

"நாப்பது வயசுல எதுக்குண்ணே ரெஸ்டு? நீ எடு."

"போன்தான் பேசுதுல்ல அவளுக்கு, அதுல எழுதிக்கிற வேண்டியதுதானே?"

போனைக் காதில் வைத்துக்கொண்டு அதே போனில் எப்படி எழுதுவது என்று கேட்டேன். அவன் அன்பாகத்தான் பேசினான். அந்த அன்புதான் எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. அக்கா எங்கள் இருவரையும் கேட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். "பொட்டிக்குத்தான் வாய் போச்சு. எனக்குமா போயிருச்சு?" என்று மட்டும் சொன்னாள்.

குரலை உள்ளே கொண்டுபோனால்தான் அவள் மறுபடி உட்கார முடியும். பழைய நிரலை நம்பியிருந்த பகுதிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் புதிதாக எழுதினேன். வாரங்கள் ஓடின. அனுப்பினேன். அதே மனிதரிடமிருந்து பதில்: வேலை சுத்தமாக இருக்கிறது, நன்றி, ஆனால் எங்கள் கணக்குப்படி இதை வைத்திருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், இத்தனை பேருக்காகச் சுமக்க வேண்டுமா?

இத்தனை பேருக்காக. நான் மேசையைத் தட்டியதில் டீ கொட்டிப்போனது.

இந்தக் கணக்கு எப்படி வருகிறது தெரியுமா? தளத்தை முதன்முதலில் ஏற்றும்போது ஒரு கேள்வி வரும். உங்கள் கம்ப்யூட்டரில் என்னென்ன பேக்கேஜ் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரிவிக்கலாமா என்று. சம்மதம் சொன்னவர்கள் மட்டும் கணக்கில் வருவார்கள். கடைக் கம்ப்யூட்டரில் தளத்தை ஏற்றியது அக்காதான். நான் பக்கத்தில்கூட இல்லை. அவளிடம் கேட்டேன், அந்தக் கேள்விக்கு என்ன சொன்னாய் என்று.

"அப்ப ஏது தமிழு? எல்லாம் ஏத்தி முடிச்சாத்தானே தமிழ்ல பேசும்? அது இங்கிலீசுல என்னமோ கடகடன்னு கேட்டுச்சு. எதுக்கு வம்புன்னு எண்டரத் தட்டிட்டேன்."

எண்டரைத் தட்டினால் 'வேண்டாம்' என்று அர்த்தம்.

"எல்லாரும் அப்டித்தான் தட்டுவோம்" என்றாள்.

"எல்லாரும்னா?"

"எங்க செட்டு பூராவும். கூடப் படிச்சதுக."

அக்கா விடுதியில் தங்கிப் படித்த பார்வையற்றோர் பள்ளியின் ஆட்கள். அவர்களுக்கு வாட்ஸப்பில் ஒரு குழு உண்டு, முழுக்கக் குரல் செய்திதான். அவள் போனில் எப்போதும் அந்தச் சளசளப்பு ஓடும். நான்தான் சத்தத்தைக் குறை என்று திட்டுவேன். அத்தனை பேரும் தமிழ்க் குரலை வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் தமிழ் பேசத் தொடங்குவதற்கு முன்னால் வந்த கேள்விக்கு அத்தனை பேரும் எண்டர் தட்டியிருக்கிறார்கள். காது ஒன்றை நம்பியே வாழ்கிறவர்களிடம், புரியாத மொழியில் கேட்டுவிட்டு, பதில் வரவில்லை, ஆகவே ஆளில்லை என்று எழுதிவைத்திருக்கிறார்கள். படித்த மனிதர்கள். நன்றி, வணக்கம் எல்லாம் போட்டு எழுதுகிறவர்கள்.

இதை அப்படியே எழுதி அனுப்பினேன், கொஞ்சம் காரம் குறைத்து. பதில் வந்தது: நீங்கள் சொல்வது இருக்கட்டும், அந்தப் பயனர்களே எங்கள் இணையக் கருத்துப் பலகையில் வந்து சொல்லட்டும். சரி என்று அக்கா போனை எடுத்து, அந்தப் பலகையில் கணக்குத் தொடங்கினாள். பெயர் கொடுத்தாள், மெயில் கொடுத்தாள். பிறகு போனைக் காதோடு வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

"என்னக்கா?"

"நான் மனுசிதானான்னு கேக்குது. படத்துல எங்கெங்க பஸ்ஸு இருக்குன்னு பாத்துக் காட்டணுமாம்."

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாயில் வந்ததை எல்லாம் சொன்னேன். அம்மா உள்ளேயிருந்து, தொழுகை நேரத்தில் என்ன பேச்சு இது என்று சத்தம் போட்டார்.

அவர்களுக்கு ஒரு மெயில் பட்டியலும் உண்டு, ஒரு முகவரிக்கு எழுதினால் குழுவில் எல்லோருக்கும் போய்ச் சேரும். அங்கே பஸ் காட்டச் சொல்லமாட்டார்கள். அந்த முகவரியை அக்கா தன் குழுவில் சொன்னாள். "தெரிஞ்ச மொழியில எழுதுங்க. இருக்கோம்னு சொல்லுங்க. அம்புட்டுதான்."

எழுதினார்கள். சின்னாளப்பட்டியில் பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்லித்தரும் ஓர் அம்மா, தன் பாடக்குறிப்பு முழுவதும் இந்தக் குரலில்தான் என்று எழுதினார். வங்கி ஊழியர் ஒருவர் ஒரு பக்கத்துக்கு எழுதினார். ஒட்டன்சத்திரத்துக்காரர் ஒருவரின் மெயில் ஒரே வரி: "ஏனுங்க, நான் இருக்கறனுங்க, எண்ணிக்கோங்க." சட்டம் படிக்கும் பெண் ஒருத்தி என்னைவிடக் காரமாக எழுதியிருந்தாள், எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது. பட்டியல் முழுக்கத் தமிழாகிவிட்டது. அந்த மனிதர், தயவுசெய்து ஆங்கிலத்தில் தர முடியுமா என்று கேட்டார். முடியாது, நீங்கள் ஆங்கிலத்தில் கேட்டதால்தான் இவ்வளவும் என்று எழுதினேன். மறுநாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் மொழிபெயர்த்தேன், கோபம் ஆறாமலேயே.

குரலைச் சேர்த்துக்கொண்டார்கள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை? மூச்சு இல்லை. அடுத்த பதிப்பின்போது பயன்பாட்டுக் கணக்கை மீண்டும் பார்ப்போம் என்று ஒரு குறிப்பு வேறு. அந்த முதல் கேள்வியைத் தமிழிலும் பேச வையுங்கள் என்று நான் போட்ட கோரிக்கை இன்றுவரை அப்படியே கிடக்கிறது.

புதுப் பதிப்பு வெளியானதும் கடைக் கம்ப்யூட்டரில் ஏற்றிச் சோதித்தேன். பேசியது. அடுத்தடுத்து அப்டேட் வந்தபோதும் பேசியது. அண்ணனிடம் சொன்னேன். அவன் தலையைச் சொறிந்தான். "இவரு இப்பத்தான் வேல கத்துருக்காரு. எந்திரிக்கச் சொன்னா உன் மதினி என்ன நினைப்பா? பெறகு பாப்போம்மா."

இத்தனை மாதம் யாரோடு சண்டை போட்டேனோ, அவரே தேவலாம் என்று தோன்றியது. அவராவது காரணம் என்று ஒன்றைக் காட்டினார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

மேசையைத் தடவிக்கொண்டு நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். மதினியின் தம்பி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் வாசலைப் பார்த்தான். அப்போது போன் அடித்தது. அவர் கை நீட்டுவதற்குள் அக்கா எடுத்துவிட்டாள். நின்றபடியே போனைத் தோளில் இடுக்கி, அவர் முன்னால் குனிந்து கீபோர்டில் கை வைத்தாள். யாரோ மகளுக்கு நிச்சயம் என்றார்கள். ஒவ்வொன்றாகத் தட்டினாள். கம்ப்யூட்டர் அவள் தட்டியதைத் திரும்பச் சொன்னது. கடைசியாகத் தேதியை வாசித்தது. அக்கா அதை இன்னொரு தடவை வாசிக்க வைத்துக் கேட்டுவிட்டு, போனை வைத்தாள்.

"தம்பி, எந்திரிங்க" என்றாள்.

அவர் எழுந்தார்.