அத்தையின் நோட்டில் நான்கு எழுத்துகள்

அத்தையின் மேல் எங்கள் வீட்டில் சந்தேகம் வந்தது ஒரு சாரல் காலத்தில். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. அத்தை அப்பாவின் ஒரே தங்கை. சிவகிரியில் கட்டிக்கொடுத்து, ஒன்றரை வருடத்தில் ஒரு பெட்டியோடு தென்காசிக்குத் திரும்பி வந்தவள். ஏன் வந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. எப்போது திரும்பிப் போவாள் என்பதுதான் வீட்டில் கேள்வியாக இருந்தது. அவளோ குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் வேலையைத் தேடிக்கொண்டு தினமும் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தாள்.

சந்தேகத்துக்குக் காரணம் ஒரு நீல அட்டை நோட்டு. வேலை முடிந்து வந்ததும் அதை விரித்து வைத்துக்கொண்டு வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பாள். யாராவது அருகில் போனால் மூடிவிடுவாள். இது காதல்தான் என்று அம்மா உறுதியாக இருந்தாள். குக்கர் விசில் அடிக்கும் நேரமாகப் பார்த்து அதை என்னிடம் சொன்னாள்.

அப்பாவின் சந்தேகம் வேறு. அவர் பத்திரம் எழுதுபவர். எதைப் பார்த்தாலும் வில்லங்கம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். சுரண்டைப் பக்கம் தாத்தாவின் வயல் அப்பாவுக்கும் அத்தைக்கும் பொதுவாகக் கிடந்தது. தாத்தா உயில் எழுதாமல் போனவர். அப்படித்தான் அப்பா நம்பியிருந்தார்.

"அத்தை என்ன எழுதுதான்னு பாத்து எழுதிட்டு வாட்டி. அவளுக்குத் தெரியப்பிடாது" என்றார். என்னை நம்பி ஒரு வேலை கொடுத்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அத்தை குளிக்கப் போனதும் நோட்டைத் திறந்தேன். பக்கம் முழுக்கக் கட்டம் போட்டிருந்தது. மேலே அ, பா, து, உ என்று நான்கு எழுத்துகள். இடது ஓரத்தில் வரிசையாகத் தகராறு, ராஜி, ஆஜர், நகல், ரத்து, வாரிசு. கட்டங்களுக்குள் பொடி எழுத்தில் என்னவெல்லாமோ இருந்தன. தண்ணீர்ச் சத்தம் நின்றுவிடும் என்ற பயத்தில் அவற்றை விட்டுவிட்டேன்.

அப்பா என் காகிதத்தை இரண்டு முறை படித்தார். 'வாரிசு' என்ற இடத்தில் நகத்தால் கீறினார். எல்லாம் அவர் தினமும் எழுதுகிற வார்த்தைகள். அ என்றால் அண்ணன், பா என்றால் பாகம், உ உயிலேதான் என்று முடிவுக்கு வந்தார். து மட்டும் பிடிபடவில்லை. அதுதான் அவரை அதிகம் கலக்கியது. அத்தை யாரோ வக்கீலைப் பார்த்திருக்கிறாள் என்று அம்மாவிடம் சொன்னார். காதல் இல்லை என்பதில் அம்மாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

அடுத்த சனிக்கிழமை, அருவியில் குளிக்க ஆசைப்படுகிறேன் என்று சொல்லி என்னை அத்தையோடு அனுப்பிவைத்தார்கள். மத்தியானம் வேலை முடிந்ததும் அத்தை ஐந்தருவிச் சாலையில் இருந்த ஒரு பழக்கடைக்குப் போனாள். கடை நடத்திய அக்கா கடையநல்லூர்க்காரி. தோஹாவில் ஒரு ஹோட்டலில் பல வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவள். என் கையில் ரம்புட்டானைத் திணித்துவிட்டு இருவரும் மங்குஸ்தான் கூடைகளுக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். நான் பழத்தை உரித்தபடி காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

"தகராறுன்னா மறுபடியும். பாத்தியளா, மறந்தே போச்சு" என்றாள் அத்தை.

"துருக்கிக்காரன் தெக்ரார்னு சொல்லுவான். இன்னொரு தடவ வேணும்னாலும் அதான் வார்த்தை. நம்மாளுவ அத வாங்கிட்டு வந்து சண்டையாக்கி வச்சிருக்காங்க."

இருவரும் சிரித்தார்கள். துருக்கி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. புளியறை தாண்டிக் கேரளாவில் ஒரு ஊராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வேவு பார்ப்பவர்கள் சுருக்கமாகப் பேச வேண்டும் என்ற எண்ணத்தில், வீட்டுக்கு வந்ததும், 'மறுபடியும் தகராறு' என்று பேசிக்கொண்டார்கள் என்று மட்டும் அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

இரண்டு நாளில் அவரே விடுதலைப் பத்திரம் ஒன்றை எழுதி, இட்லித் தட்டை நகர்த்திவிட்டு அத்தையின் முன்னால் வைத்தார். வயலில் தனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை என்று அவள் எழுதிக்கொடுப்பதாக அதில் இருந்தது. அத்தை கடைசி வரி வரைக்கும் படித்தாள். பிறகு உள்ளே போய் அந்த நோட்டையும் ஒரு கடிதத்தையும் எடுத்து வந்தாள். பழக்கடை அக்கா வேலை பார்த்த அதே ஹோட்டலில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. அங்கே வருகிறவர்கள் அரபி, பாரசீகம், துருக்கி, உருது பேசுகிறவர்கள். ஆளுக்கு நாலு வார்த்தை அவர்கள் மொழியில் சொன்னால் நல்லது என்று அக்கா சொல்லிக்கொடுத்திருக்கிறாள். மறக்காமல் இருக்க, தமிழில் ஏற்கெனவே புழங்குகிற வார்த்தைகளிலிருந்தே ஆரம்பித்தார்களாம். முன்கூட்டித் தெரிந்தால் அண்ணன் போகவிட மாட்டான் என்று மறைத்து வைத்திருந்தாள்.

அப்பா நோட்டை வாங்கிக் கட்டம் கட்டமாகப் பார்த்தார். ஆஜர் துருக்கியில் 'தயார்' என்றிருந்தது. ரத்து அரபியில் 'பதில்' என்றிருந்தது.

"வாரிசுக்கு மட்டும் நாலுலயும் வாரிசுதான் போட்டிருக்கு?" என்று கேட்டார்.

"அதுக்கு எல்லா ஊர்லயும் ஒரே அர்த்தந்தான் அண்ணே."

அப்பா பத்திரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வார் என்று அம்மா அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எடுக்கவில்லை. அத்தை பேனா கேட்டாள்.

மறுநாள் பதிவும் முடிந்தது. அன்று சாயங்காலம் அப்பா எனக்கு அல்வா வாங்கி வந்தார். வெகுநாளைக்குப் பிறகு அத்தையை உட்கார வைத்துச் சிரித்துப் பேசினார்.

அவள் திருவனந்தபுரத்துக்குப் பஸ் ஏறிய அன்று அப்பாவே பெட்டியைச் சுமந்து வந்தார். அதை மேலே ஏற்றிக் கட்டும்போது அவர் கண் கலங்கியிருந்தது. அத்தை என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்: "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்லா."

அப்பாவிடம் சொல்ல வேண்டியதை அவசரத்தில் என்னிடம் சொல்கிறாள் என்று நினைத்தேன். அது அவர் காதில் விழவில்லையே என்ற நிம்மதியோடு, பஸ் திரும்பி மறையும் வரை கையாட்டிக்கொண்டே நின்றேன்.