அளவு ஜாக்கெட்டும் ஓர் எழுத்தும்

குடலில் இருந்த கட்டியை எடுத்த பிறகு எனக்கு ஒரே ஒரு கேள்விதான் மிச்சமிருந்தது. இது என் மகளுக்கும் வருமா? டாக்டர், ஜீனில் ஒரு மாற்றம் என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். நான் பத்தாவது படித்தவள். கூச்சத்தில் வாய் திறக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

பூந்தமல்லியில் வீட்டு முன்னறையில் ஜாக்கெட் தைக்கிறேன். பாரிவாக்கம் அடுக்குமாடியிலிருந்து வரும் ஒரு பெண் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்ப்பவள். போன முறை தைத்ததில் கை இறுக்குகிறது என்று வந்தாள். விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. அவள் முதலில் கொடுத்த அளவு ஜாக்கெட் துவைத்துத் துவைத்துச் சுருங்கியிருக்கிறது. அதைப் பார்த்து வெட்டியது இறுக்கமாகிவிட்டது. இப்போது அந்த இறுக்கமானதையே அடுத்ததற்கு அளவாகக் கொண்டுவந்திருந்தாள்.

சொன்னதும் சிரித்தாள். "இதத்தான்க்கா நாங்க லேப்ல நாள் முழுக்கப் பாக்குறோம்."

உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நான்கே எழுத்துகளில் ஒரு நீள வரி இருக்கிறதாம். எழுத்துகள் ஜோடியாக நிற்கும். ஜி-க்கு எதிரில் சி, ஏ-க்கு எதிரில் டி. செல் இரண்டாகும்போது ஜோடி பிரிந்து, ஒவ்வொரு பக்கமும் புதியதற்கு அளவாகிறது. நாம் மூச்சில் இழுக்கும் ஆக்ஸிஜனிலிருந்தே உடம்புக்குள் உண்டாகும் சில பொருட்கள் ஜி-யைத்தான் அதிகம் கெடுக்குமாம். கெட்டுப்போன ஜி-க்கு எதிரில் சில சமயம் சி-க்குப் பதில் ஏ வந்து உட்காரும். அடுத்த பிரதியில் அந்த ஏ-க்கு ஜோடியாக டி வரும். ஜி இருந்த இடத்தில் டி நிலைத்துவிடும்.

சுருங்கினது என் கண்ணில் பட்டிருந்தால் முதலில் தையலைப் பிரித்து விட்டிருப்பேன் என்றேன். உடம்பிலும் அப்படிக் கெட்ட எழுத்தை வெட்டிச் சரிசெய்ய ஆள் உண்டாம். ஆனால் அது பிரதி எடுப்பதற்குள் நடக்க வேண்டும். பிறகு கண்டுபிடிக்க முடியாது. என் கையிலிருந்த ஜாக்கெட்டைப் பார்த்தேன். தையல் ஒழுங்காக இருந்தது. தப்பு என்று அதைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது.

அப்போதுதான் என் குடல் கட்டியையும் டாக்டர் சொன்ன ஜீன் மாற்றத்தையும் அவளிடம் சொல்லிக் கேட்டேன். "அப்போ எம் பொண்ணுக்கும் வருமாம்மா?"

குடலில் மட்டும் மாறியதா, பிறவியிலேயே உடம்பு முழுக்க இருக்கிறதா என்பதைப் பொறுத்தது என்றாள். ரத்தத்தில் பார்த்தால் தெரியுமாம். "டாக்டர்கிட்ட கேளுங்கக்கா. கேக்கத்தான அவர் இருக்காரு."

அடுத்த முறை கேட்டேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார். சில வாரம் கழித்து, அந்த மாற்றம் ரத்தத்தில் இல்லை, கட்டியில் மட்டும்தான், அதை மகளுக்கு நான் கொடுத்திருக்க வழியில்லை என்றார். அவள் உரிய வயதில் பரிசோதனை மட்டும் செய்துகொள்ளட்டும் என்றார்.

சேக்காட்டில் இருக்கும் மகளுக்குப் போன் செய்து சொன்னேன்.

"இன்னாம்மா நீ, இதுக்கா இம்மா நாளு வாய மூடினு இருந்த?" என்றாள். பிறகு தாழ்ந்த குரலில், "நானும் உன்னாண்ட கேக்க பயந்துகினுதான் இருந்தேன்" என்றாள்.